சி.எம்.இ. கூட்டத்துக்கு எமர்ஜென்சி ட்ரேயை எடுத்து வாருங்கள்

தர்மபுரிப் பக்கம் ஒரு மருத்துவர் சங்கக் கிளைக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கும் இளம் டாக்டர் ஒருவர் கேட்டிருந்தார்: மாதம் ஒரு சி.எம்.இ. (டாக்டர்களுக்கான தொடர் கல்விக் கூட்டம்) நடத்துகிறோம். சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஸ்பெஷலிஸ்ட் வந்து பேசுகிறார். அறுபது பேர் வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். மறுநாள் ஓ.பி.யில் ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. வயது வந்தோர் கற்றல் கோட்பாடு என்கிறார்களே, அதை வைத்து இங்கே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். நான் இந்தக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், நடத்தியும் இருக்கிறேன், ஃபேனுக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்து தூங்கியும் இருக்கிறேன். தூங்கியதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோட்பாட்டை முதலில் முடித்துவிடலாம். வயது வந்தோர் கற்றலைக் குறிக்கும் ‘ஆண்ட்ரகோஜி’ என்ற சொல்லை 1833-லேயே அலெக்சாண்டர் காப் என்ற ஜெர்மன் ஆசிரியர் பயன்படுத்தியிருக்கிறார். அதை உலகமெங்கும் கொண்டுபோனவர் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ். 1968-லிருந்து பல ஆண்டுகளாக அவர் சொல்லிவந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எதற்காகப் படிக்கிறோம் என்பது பெரியவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும். தங்கள் படிப்பைத் தாங்களே நடத்திக்கொள்ள விரும்புவார்கள். ஏற்கெனவே ஒரு மூட்டை அனுபவத்தோடுதான் வந்து உட்காருகிறார்கள். வேலையில் தேவை வரும்போதுதான் காது திறக்கும். பாடத்தைச் சுற்றிப் படிக்க மாட்டார்கள், பிரச்சினையைச் சுற்றிப் படிப்பார்கள். சான்றிதழைவிட உள்ளுக்குள் இருக்கும் உந்துதல்தான் அவர்களை ஓட்டும். நம் ஊர் மேஸ்திரிக்கும் இது தெரியும். சித்தாளை உட்காரவைத்துச் செங்கல்லைப் பற்றி அவர் முக்கால் மணி நேரம் பேசுவதில்லை.

டாக்டர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கூட்டம் இல்லை இது. கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் மருத்துவரின் திறமையை ஒரு பிரமிடாக வரைந்தார். அடியில் ‘தெரியும்’, அதற்கு மேல் ‘எப்படிச் செய்வது என்று தெரியும்’, அப்புறம் ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘தினசரி வேலையில் செய்கிறார்’. நம் கூட்டங்கள் அடித்தளத்துக்கே திரும்பத் திரும்ப வெள்ளையடித்துக்கொண்டிருக்கின்றன.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பு அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிரையே பறிக்கக்கூடிய திடீர் ஒவ்வாமை. ஸ்லைடு எதுவும் வேண்டாம், அவரவர் கிளினிக்கில் இருக்கும் எமர்ஜென்சி ட்ரேயை (அவசர மருந்துகள் வைத்திருக்கும் தட்டை) அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தோம். எட்டு எட்டுப் பேராக மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, இப்படித் தொடங்கினோம்: “அறுபது கிலோ எடையுள்ள ஆள். முதுகுவலி என்று வந்தவருக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டீர்கள். மூன்று நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்கிறது, நாடி கிடைக்கவில்லை. சரி, ஆரம்பியுங்கள்.” கடிகாரத்தை ஓட விட்டோம்.

முதல் மருந்து அட்ரினலின் என்று தெரியாத டாக்டர் அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. ஆனால் பாதிப் பேருக்கு மேல் கை முதலில் போனது டெக்ஸா என்ற ஸ்டீராய்டுக்கும் ஏவில் என்ற அலர்ஜி மருந்துக்கும்தான். பல வருடமாக அரிப்புக்கும் தடிப்புக்கும் போட்டுப் போட்டுப் பழகிய கை, மூளையைக் கேட்காமலே போய்விடுகிறது. அட்ரினலினை எடுத்தவர்களில் சிலர் எத்தனை மில்லி என்பதில் தடுமாறினார்கள். ஆம்பூலில், அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். வயது வந்தவருக்கு அதில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள். சரியாகவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் இன்னொரு முறை. ஒருவர் பத்து மில்லி சலைனில் கலந்து நரம்பில் போடப் போனார். மாரடைத்து விழுந்தவருக்குக் கொடுக்கும் முறை அது. நாடி ஓடிக்கொண்டிருப்பவருக்கு அப்படிக் கொடுத்தால் ஆபத்து. இன்னொருவர் ட்ரேயில் இருந்த ஆம்பூல் காலாவதியாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவரே முதலில் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அவர் அறையிலேயே சீனியர். அவர் சிரித்ததும் மற்றவர்களும் தைரியமாகத் தங்கள் ட்ரேயைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முப்பது நிமிடம்தான் நடந்தது. நோல்ஸ் சொன்னதில் ஏறக்குறைய எல்லாமே அதற்குள் வந்துவிட்டது பாருங்கள்: எதற்கு என்று கேட்கவே தேவையில்லாத பயம், சொந்த அனுபவம், சொந்த ட்ரே, நாளைக் காலையே நேரக்கூடிய பிரச்சினை. அதே தலைப்பில் ஒரு பேராசிரியர் நாற்பது ஸ்லைடு போட்டிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்போம். காலாவதியான ஆம்பூல் அதே இடத்தில் இருந்திருக்கும்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமல்ல. 1999-ல் டேவ் டேவிஸ் என்ற ஆய்வாளரின் குழு இந்த மாதிரிக் கூட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, வெறும் சொற்பொழிவு டாக்டரின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை, கலந்துரையாடலும் பயிற்சியும் சேர்ந்தால் மாற்ற வாய்ப்புண்டு என்று சொன்னது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2009-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், கல்விக் கூட்டங்களால் நடைமுறையில் வரும் முன்னேற்றம் சராசரியாகச் சுமார் 6 சதவீதம்தான். ஆறு சதவீதமா என்று சலித்துக்கொள்ள வேண்டாம், ஒரு மாவட்டத்தின் மொத்த ஓ.பி.க்கு அது பெரிய எண்ணிக்கை. ஆனால் ஒரு கூட்டத்தில் உலகமே மாறிவிடும் என்று எதிர்பார்த்து மனம் நொந்துபோகாமல் இருக்க அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நோல்ஸோடு நான் ஒத்துப்போகாத இடம். பெரியவர்கள் தங்களுக்கு எது தேவை என்று தாங்களே அறிந்து தேடிக்கொள்வார்கள் என்ற எண்ணம் டாக்டர்கள் விஷயத்தில் பாதி உண்மைதான். 2006-ல் அதே டேவிஸ், டாக்டர்கள் தங்களைப் பற்றித் தாங்களே போடும் கணக்கையும் வெளியிலிருந்து அளந்த கணக்கையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தார். 20 ஒப்பீடுகளில் 13-ல் இரண்டுக்கும் பெரிதாகப் பொருத்தமே இல்லை, சிலவற்றில் நேர் எதிராகவும் இருந்தது. திறமை குறைந்தவர்களில் சிலர்தான் தங்களைப் பற்றி அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டார்கள். ஆகவே, “உங்களுக்கு என்ன தலைப்பு வேண்டும்?” என்று குரூப்பில் ஃபார்ம் அனுப்பினால் சர்க்கரை நோய்க்கு வந்த புது மருந்து வேண்டும் என்றுதான் வரும். அதை ஏற்கெனவே மெடிக்கல் ரெப் வாரம் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் போகிறார். “எனக்கு அட்ரினலின் அளவு குழம்புகிறது” என்று யார் எழுதித் தருவார்?

தலைப்பை மனிதர்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் வேலை விட்டுச் செல்லும் தடயத்தில் தேடுங்கள். ஜி.எச்.சுக்கு வந்து சேரும் ரெஃபரல் சீட்டுகளைப் பெயரை மறைத்து ஐம்பது எடுத்துப் படித்தாலே ஆறு மாதத்துக்குத் தலைப்பு கிடைக்கும். நோயாளிகள் கொண்டுவரும் மாத்திரை அட்டைகள் இன்னொரு சுரங்கம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே பி.பி., சுகர் மாத்திரை வருகிறது, நல்ல விஷயம். ஆனால் அதே அம்மா கால் வீங்குகிறது என்று உங்கள் கிளினிக்குக்கு வரும்போது மஞ்சள் பையைக் கொட்டிப் பாருங்கள். திட்டத்தில் வந்த ஆம்லோடிபின் (கால் வீக்கத்தை உண்டாக்கக்கூடிய பி.பி. மாத்திரை) ஒன்று, நீங்களோ பக்கத்துத் தெரு டாக்டரோ வேறு பிராண்டு பெயரில் எழுதிய ஆம்லோடிபின் இன்னொன்று. வீக்கத்துக்குக் காரணம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும். வரும் மாதம் ஒவ்வொருவரும் இப்படி ஐந்து பைகளைப் பார்த்து, என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள் என்றால் அதுவே ஒரு முழு சி.எம்.இ. ஸ்பீக்கர் செலவு கிடையாது.

நம் மண்ணுக்கே உரிய இன்னொரு பாடம் ஃப்ளோரைடு. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்) தணிப்பும் சேர்ந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியே இல்லையென்றால் 1.5 என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தாலும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இடுப்புப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு என்று வருடக்கணக்கில் வலி மாத்திரை வாங்கிக்கொண்டு அலைகிறார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தவர் யாருமில்லை. பரிசோதனை மூன்று நிமிட வேலை. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்கச் சொல்லுங்கள். முகவாயை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். கைகளை நீட்டி, மடக்கி, பின்தலையைத் தொடச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் முன்கைக்கு ஒரு எக்ஸ்ரே. இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இதை மைக்கில் சொல்லாமல், ஹாலில் இருக்கும் டாக்டர்களையே எழுந்து நின்று ஒருவருக்கொருவர் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தொப்பை காரணமாகக் காசை எடுக்க முடியாதவர்கள் சிலர் இருப்பார்கள், அது தனிக் கதை. அப்புறம் வீட்டுப்பாடம்: நாற்பது வயதுக்கு மேல் முதுகுவலி என்று வரும் அடுத்த பத்துப் பேரிடம் இதைச் செய்துவிட்டு, எத்தனை பேரால் முடியவில்லை, அவர்கள் எந்த ஊர், எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். அடுத்த மாதம் அந்தத் தாள்களை வைத்துப் பேச ஆரம்பித்தால் யாரும் ஃபேன் தேட மாட்டார்கள்.

பாம்புக்கடியையும் விட முடியாது. பென்னாகரத்திலும் அஞ்செட்டியிலும் ராத்திரி டியூட்டி பார்த்தவர்களிடம் விஷத்தால் இரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் 20 நிமிட இரத்த உறைதல் சோதனை பற்றிக் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் பிளாஸ்டிக் குழாயில் எடுப்பார், அதில் இரத்தம் சரியாக உறையாது. ஒருவர் சோப்புப் போட்டுக் கழுவி வைத்த கண்ணாடிக் குழாயை எடுப்பார், அதுவும் ஏமாற்றும். ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி ஆட்டிப் பார்ப்பார். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய், இரண்டு மில்லி இரத்தம், 20 நிமிடம் தொடாமல் வைத்துவிட்டு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது என்பதை ஒருமுறை கையால் செய்தவருக்கு மறக்காது. கட்டுவிரியன் விஷம் நரம்பைத்தான் தாக்கும், அதனால் அது கடித்தவருக்கு இந்தச் சோதனை சாதாரணமாகவே இருக்கும், இமை தொங்குவதைத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் அதே மேஜையில் சொல்லிவிடலாம். விஷமுறிவு மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது என்பதால் மறுபடியும் அந்த அட்ரினலின் ஆம்பூலுக்கே வந்து நிற்போம். ஒரு மாதத்துப் பாடம் இன்னொரு மாதத்தில் இப்படித் தானாகத் திரும்பி வந்தால் நல்லது.

திரும்பி வருவது ஏன் முக்கியம் என்றால், மறதி. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து, படித்தது முதல் சில நாட்களிலேயே எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று காட்டிவிட்டார். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்களைவிட, ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே கூட்டம் முடிந்ததும் ஸ்லைடு பி.டி.எஃப்.பைக் குரூப்பில் போடுவதால் பெரிய பயனில்லை, யாரும் திறப்பதில்லை. அதற்குப் பதில் மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் ஒரு கேள்வி, ஒரு நோயாளி, நான்கு வரி. பதிலைத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். குரூப்பிலேயே கேட்டால் முதலில் பதில் சொன்னவருக்கு நாற்பது கட்டைவிரல் விழும், மற்றவர்கள் யோசிக்கவே மாட்டார்கள்.

நோல்ஸ் சொன்ன அந்த அனுபவ மூட்டைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. இருபத்தைந்து வருடம் பிராக்டிஸ் செய்தவர் ஒரு நூலகம்தான். அதே நேரம் அவர் வாயைத் திறந்துவிட்டால் ஜூனியர்கள் வாயை மூடிவிடுவார்கள். “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பது நம் பழக்கம். அதனால் மேஜையில் பேசும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஹவுஸ் சர்ஜனோ புதிதாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவரோ முதலில், சீனியர் கடைசியில். சீனியரிடம் முன்கூட்டியே தனியாகப் போய், “சார், நீங்கள் சறுக்கிய ஒரு கேஸைச் சொல்லித் தொடங்கிவைக்க வேண்டும்” என்று கேளுங்கள். மேடையில் பொன்னாடை போர்த்துவதைவிட அவர்களுக்கு அது பெரிய மரியாதை என்பதை நீங்களே பார்ப்பீர்கள். மறுப்பவரும் இருப்பார். விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் அவரே வருவார். அந்த அறையில் பேசிய கேஸ் வெளியே போகக்கூடாது, போட்டோ கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சின்ன ஊரில் ஒரு தவறு டீக்கடைக்குப் போய்ச் சேர அரை நாள் போதும்.

கூட்டத்துக்கு வந்தவர்களின் தொடர் கல்விக் கணக்கில் சேரும் கிரெடிட் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி என்பது டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது, அதற்கு மருத்துவ கவுன்சிலின் அனுமதி முறைப்படி வாங்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் ஆட்களை ஹால் வரை கொண்டுவரும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. ஸ்பான்சர் விஷயத்தில் என் கருத்து கடுமையானது: தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் கையும் பில் கட்டும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. ட்ரேயும் கண்ணாடிக் குழாயும் வைத்து நடத்தும் கூட்டத்துக்குச் செலவே அதிகமில்லை, சந்தாப் பணத்திலேயே சாப்பாட்டையும் முடித்துவிடலாம்.

தூரத்தில் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். அஞ்செட்டியிலோ சிட்லிங்கியிலோ இருப்பவருக்கு உங்கள் கூட்டத்துக்கு வந்து திரும்ப ஒரு இரவே போய்விடும், அன்றைக்கு அங்கே டாக்டர் இருக்க மாட்டார். நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003-ல் தொடங்கிய எக்கோ முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஹெபடைடிஸ் சி நோயாளிகளை நகரத்துக்கு வரவழைக்காமல், கிராமத்து டாக்டர்கள் வாரம் ஒருமுறை வீடியோவில் தங்கள் கேஸைச் சொல்ல, நிபுணர்களும் மற்ற கிராமத்து டாக்டர்களும் சேர்ந்து பேசினார்கள். கிராமத்தில் நடந்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இணையாக இருந்ததை 2011-ல் வெளியிட்டார்கள். முக்கால் மணி நேரம், இரண்டு கேஸ், தர்மபுரி மெடிக்கல் காலேஜிலிருந்தோ கிருஷ்ணகிரி காலேஜிலிருந்தோ ஒரு பிசிசியன். போன் சிக்னல் இருந்தால் போதும். சிட்லிங்கியைச் சொன்னதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1993-லிருந்து அங்கே டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் மலைக்கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து மருத்துவமனை நடத்துகிறார்கள். வயது வந்தோர் கல்வி எப்படி நடக்கும் என்று பார்க்க நாம் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. உங்கள் கூட்டத்துக்கும் ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஆம்பூலை உடைக்கப்போவது அநேகமாக அவர்தான்.

அடுத்த மாதமே தொடங்குவதென்றால் அனாஃபிலாக்சிஸிலிருந்தே தொடங்குங்கள். முதல் தடவை அறுபது பேர் வர மாட்டார்கள், முப்பது பேருக்குச் சாப்பாடு சொன்னால் போதும். அழைப்பில் ஒரே ஒரு வரி: உங்கள் கிளினிக்கின் எமர்ஜென்சி ட்ரேயை இருக்கிறபடியே எடுத்து வரவும். சிலர் அதைப் படித்ததும் முந்தின நாளே ஆளனுப்பி மருந்துக் கடையில் புது அட்ரினலின் வாங்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அதற்காகவே அழைப்பை ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவிடுங்கள்.